தரை தாங்கும் என்று நான் சொன்னேன்

கொளஞ்சி தரையில் குப்புறப் படுத்திருந்தார். இடது கன்னம் சிமெண்டில் ஒட்டியிருந்தது. ஒரு கண்ணை மூடிக்கொண்டு, காரின் அடிவயிற்றுக்கும் தரைக்கும் நடுவில் தெரிந்த வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மச்சான், அந்த அடிஸ்கேலக் குடுங்க."

கொடுத்தேன். அதை நிறுத்திப் பிடித்தார். நான்கு அங்குலக் கோட்டுக்குக் கீழேயே கார் ஆரம்பித்துவிட்டது.

"ஜாக்கி தல நுழையாது. எலி வேணா நுழையும்" என்றார். சொல்லிவிட்டு எழுந்திருக்கவில்லை. அப்படியே படுத்துச் சிரித்தார். மூச்சுக் காற்றில் தரைத் தூசி பறந்து அவர் மீசையில் ஒட்டியது.

கொளஞ்சி என் ஒரே தங்கை பூங்கொடியின் கணவர். வளைகுடாவில் பல வருஷம் கார் பட்டறை ஒன்றில் வேலை பார்த்துவிட்டு, பெரம்பலூரில் கட்டிய வீட்டுக்குத் திரும்பியிருந்தார். நான் அரியலூரில் நில அளவைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். அந்தச் சிவப்பு நிறக் கார் வந்து இறங்கிய தேதி, மணி, அதை ஏற்றிவந்த லாரி எந்த ஊர் லாரி என்பது உட்பட எல்லாம் என் நாட்குறிப்பில் இருக்கிறது.

இந்தத் தொடரைப் படிக்கிறவர்களுக்குத் தெரியும், நான் தேதி இல்லாமல் எதையும் சொல்வதில்லை. ஜெயங்கொண்டத்திலிருந்து கும்பகோணத்துக்கு ஓடிய ஒரு பஸ்ஸின் நேரத்தைப் பத்து நிமிஷம் தவறாக எழுதியதற்கு, தா.பழூரிலிருந்து ஒரு வாசகர் மூன்று பக்கம் கடிதம் போட்டார். அவருக்கு நான் நான்கு பக்கம் பதில் போட்டேன்.

இந்த அத்தியாயத்தில் மட்டும் தேதி கிடையாது. பூங்கொடி வீட்டில் அந்தத் தேதியை யாரும் வாயால் சொல்வதில்லை. நானும் எழுதவில்லை.

செருப்பு மாதிரி ஒரு கார்

அது சென்னையில் வெள்ளத்தில் மூழ்கிய கார். இரண்டு பேர் மட்டும் உட்காரலாம். யாரோ பணக்காரர் வீட்டில் கிடந்து, கை மாறிக் கை மாறி, ஓடாத நிலையில் கொளஞ்சியிடம் வந்தது. கதவைத் திறந்தால் உள்ளே இன்னும் ஏரி வாசனை அடித்தது. இருக்கைத் தையலுக்குள் காய்ந்த சேறு இருந்தது.

பட்டறையில் மற்றவர்கள் ஓட்டுவதற்காகவே இப்படிப்பட்ட கார்களை ஆண்டுக்கணக்கில் சரிசெய்தவர் அவர். ஒன்றை மட்டும் தனக்காகச் சரிசெய்ய வேண்டும் என்பது அவருடைய ஆசை. பூங்கொடியை உட்காரவைத்து கங்கைகொண்ட சோழபுரம் வரை ஓட்டிப்போய் வரவேண்டும். அவ்வளவுதான்.

எதிர்வீட்டு ஜமால் பாய் லப்பைக்குடிக்காட்டுக்காரர், ஆட்டோ ஓட்டுகிறவர். லாரியிலிருந்து இறக்கிய அன்றே வந்து காரைச் சுற்றிப் பார்த்தார்.

"ஏங்க கொளஞ்சி, இதுல ஏறி உக்காரணுமா, இல்ல கால்ல மாட்டிக்கணுமா?"

"மாட்டிக்கிட்டே போலாம் பாய். நீங்க ஒண்ணு, நான் ஒண்ணு."

"நம்மூரு ஸ்பீடு பிரேக்கரு ஒண்ணு போதும். வண்டி அந்தப் பக்கம் போவும், அடிபாகம் இந்தப் பக்கம் நிக்கும்."

பூங்கொடி சமையலறை ஜன்னலிலிருந்து, "நல்லாச் சொல்லுங்க பாய். நான் சொன்னா காதுல ஏறாது" என்றாள். ஆனால் மாலையில் யாரும் இல்லாதபோது அவள் அந்த இருக்கையில் போய் உட்கார்ந்திருந்ததை நான் பார்த்தேன். முந்தானையால் முகம் பார்க்கும் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

தூக்கும் முறை

கியர் பெட்டியைக் கழற்ற வேண்டும். அதற்குக் காரைத் தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்காவது தூக்க வேண்டும். தாழ்ந்த காரைத் தூக்குவதில் உள்ள சிக்கலை அன்றுதான் தெரிந்துகொண்டேன். தூக்குவதற்கு ஜாக்கி வேண்டும். ஜாக்கி நுழைவதற்கே முதலில் கொஞ்சம் தூக்கியாக வேண்டும்.

கொளஞ்சி மரவாடியில் சொல்லி, அகலமான வேப்பம் பலகைகளை அறுத்து வாங்கினார். ஒவ்வொரு சக்கரத்துக்கும் இரண்டு. கீழ்ப் பலகை நீளம், மேல் பலகை குட்டை, படி மாதிரி. நாங்கள் நாலு பேர் தள்ளி, சக்கரங்களை அதன்மேல் ஏற்றினோம். இப்போது அடியில் ஜாக்கியின் தலை நுழைந்தது.

அவர் வேலை செய்வதைப் பார்க்கவேண்டும். தூக்காத பக்கத்துச் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்தார். கியரில் போட்டார், ஹேண்ட் பிரேக்கை இழுத்தார். ஜாக்கியை எந்த இடத்தில் கொடுக்கவேண்டும் என்று அடியில் கைவிட்டுத் தடவி, சாக்பீஸால் குறி போட்டார். ஒரே மூச்சில் தூக்கவில்லை. முன்பக்கம் கொஞ்சம், பின்பக்கம் கொஞ்சம்.

"ஜாக்கிங்கறது தூக்கறதுக்குத்தான் மச்சான். தாங்கறதுக்கு இல்ல. ஜாக்கிய நம்பி அடியில தலைய வுடறவன் பட்டறையில ஒரு வருசம் தாண்ட மாட்டான்."

தாங்குவதற்கு நான்கு இரும்பு ஸ்டாண்டுகள். மூன்று கால் முக்காலி மாதிரி இருக்கும். நடுத்தண்டை வேண்டிய உயரத்துக்கு இழுத்து, அது இறங்காமல் இருக்க ஒரு கம்பியைத் துளையில் குறுக்கே சொருகவேண்டும். லாக் கம்பி என்பார். சுண்டுவிரல் கனம். நான்கிலும் சொருகி, நான்கையும் ஆட்டிப் பார்த்தார். பிறகு காரையே இரண்டு கையாலும் பிடித்து உலுக்கினார். கடைசியாக, கழற்றிய சக்கரங்களைக் காருக்கு அடியில் படுக்கவைத்தார்.

"இது எதுக்கு?"

"எல்லாம் கைவிட்டாலும் இது இருக்கும்."

இதையெல்லாம் நான் எண் போட்டு எழுதிக்கொண்டேன். அப்போதுதான் அவர் கேட்டார். ஸ்டாண்டின் காலைப் பெருவிரலால் தட்டிக்கொண்டே கேட்டார்.

"தரை எப்படி மச்சான்? தாங்குமா? அங்கல்லாம் வெயில்ல தாரு இளகும்னு இதுங்க காலுக்கு இரும்புத் தகடு போடுவோம். பலகையாச்சும் போடவா?"

நான் சொன்ன பதிலும் நாட்குறிப்பில் இருக்கிறது.

"நான் நின்னு போட்ட தரை மாப்ள. பஸ்ஸே நிக்கும்."

அவர் ரசமட்டத்தை மட்டும் கேட்டார். தரையில் நான்கு இடத்தில் வைத்துப் பார்த்தேன். குமிழி நடுவில் நின்றது. எனக்குப் பெருமையாக இருந்தது.

ஒரு வாரம்

அந்த வீடு கட்டப்பட்டபோது கொளஞ்சி வெளிநாட்டில் இருந்தார். மனையைத் தேர்ந்தெடுத்தது நான். சங்கிலி பிடித்து அளந்தது நான். கட்டடத்தைத் தினமும் போய்ப் பார்த்ததும் நான்தான்.

கொளஞ்சி ஜெயங்கொண்டம் பக்கம் முந்திரிக் காட்டில் பிறந்தவர். அங்கே செம்மண். மழை பெய்தால் குடிக்கும், வெயிலில் இறுகும், வேறு சேட்டை எதுவும் செய்யாது. பெரம்பலூர் மனை கரிசல். முன்பு பருத்தி போட்டிருந்த நிலம். கரிசல் மழையில் ஊதும், கோடையில் சுருங்கும். சித்திரையில் வயலில் நடந்தால் வெடிப்புக்குள் முழங்கை வரை போகும். அளவைக் கல் நட்ட இடத்திலிருந்து அடுத்த வருஷம் சாய்ந்து கிடப்பதை என் வேலையில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். கொளஞ்சிக்கு இது தெரியாது. எனக்குத் தெரியும்.

வீட்டுக்கு அஸ்திவாரம் ஆழமாகத்தான் போட்டோம். கார் நிறுத்தும் முன்வாசல் மட்டும் கடைசியில் வந்தது. கொத்தனார் சொன்னார்.

"சார், கரிசல மூணடி எடுத்துக் கடாசிட்டு, கிராவல் கொட்டி, தண்ணி வுட்டு இடிச்சிட்டுத்தான் காங்கிரீட்டு போடணும். ஒரு வாரம் ஆவுங்க."

"ஒரு வாரம் இல்லீங்க. பத்திரிகை அடிச்சாச்சு."

"தள்ளி வெச்சுக்கக் கூடாதுங்களா?"

"தேதி குறிச்சா குறிச்சதுதான்."

புதுமனைப் புகுவிழாவுக்கு நாள் பார்த்துக் கொடுத்ததும் நானே. என் வாழ்க்கையில் ஒரு தேதி தவறியதில்லை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவன். கரிசலின்மேல் ஒரு கூடை ஜல்லியைப் பரப்பி, இரண்டு அங்குலத்துக்குக் காங்கிரீட் போடச் சொன்னேன். கொத்தனார் கரணையை எடுத்துக்கொண்டு குனிந்தார். அழகாக, கண்ணாடி மாதிரி தேய்த்துக் கொடுத்தார்.

விழா குறித்த நேரத்தில் நடந்தது. அந்த வாசலில் பந்தி போட்டோம்.

அந்தக் காலை

கார் ஸ்டாண்டின்மேல் ஏறி மூன்று வாரம் ஆகியிருந்தது. கடுங்கோடை. காலை பத்து மணிக்கே தரையில் செருப்பில்லாமல் நிற்க முடியாது. தெருவில் தார் வாடை. கொளஞ்சி சாக்கை விரித்து, மல்லாந்து படுத்து, காருக்கு அடியில் போயிருந்தார். வெளியே தெரிந்தது இடுப்புக்குக் கீழே மட்டும். நான் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, அவர் சொல்லச் சொல்லப் போல்ட்டுகளை வரிசைப்படி குறித்துக்கொண்டிருந்தேன்.

"ஏழாவது அசைய மாட்டேங்குது. பெரிய ஸ்பேனரு."

நீட்டினேன். அவர் அதைப் பற்றி இழுத்தார். இரண்டாவது முறை இழுத்தார்.

பெரிய சத்தம் எதுவும் இல்லை. அப்பளம் நொறுங்குகிற மாதிரி ஒரு சின்னச் சத்தம், என் நாற்காலிக்குப் பக்கத்தில், தரையில். பிறகு காரின் பின்பக்கம் ஒரு மூலையில் இறங்கியது. மெதுவாக இறங்கியதாகவே எனக்கு நினைவு. மற்ற ஸ்டாண்டுகள் சாய்ந்தன.

அவர் கத்தவில்லை. "மச்சான்" என்று மட்டும் சொன்னார்.

நான் ஜாக்கியை இழுத்துக்கொண்டு ஓடினேன். நுழையவில்லை. இந்தப் பக்கம் முயன்றேன், அந்தப் பக்கம் முயன்றேன். கார் அவ்வளவு தாழ்வாகக் கிடந்தது. எங்கே கைவைத்துத் தூக்குவது என்று தெரியவில்லை. பூங்கொடி ஓடிவந்து, சூடான தகரத்தில் வெறுங்கையை வைத்துத் தூக்கப் பார்த்தாள்.

ஜமால் பாய்தான் தெருவைக் கூட்டினார். "யா அல்லா! பலகைய எடுங்கப்பா, பலகைய! தூக்கத் தூக்கச் சொருவு!" ஏழெட்டுப் பேர் சக்கர வளைவில் விரலைக் கொடுத்துத் தூக்க, அவர் பலகைகளை ஒவ்வொன்றாகத் தள்ளினார். கொளஞ்சியை வெளியே எடுத்தோம். நெஞ்சுக்குப் பக்கத்தில் அவர் படுக்கவைத்திருந்த சக்கரம் காரைத் தடுத்திருந்தது. அதனால் உயிர் இருந்தது. இடுப்புப் பக்கம் தடுக்க ஒன்றும் இல்லை.

ஆம்புலன்ஸ் போன பிறகு வாசலில் நான் மட்டும் நின்றேன். பின்பக்கத்து இடது ஸ்டாண்ட் கவிழ்ந்து கிடந்தது. அதன் லாக் கம்பி துளைக்குள் அப்படியே இருந்தது. மற்ற மூன்றையும் பார்த்தேன். மூன்றிலும் இருந்தது.

அது நின்ற இடத்தில் தரையில் ஒரு ஓட்டை. உள்ளங்கை அகலம். காங்கிரீட் ஓடு மாதிரி உடைந்து உள்ளே விழுந்திருந்தது. அதற்கும் கீழே மண் இல்லை. விரலை விட்டேன். வெறும் காற்று, கொஞ்சம் குளிர்ச்சியாக. சுருங்கிப்போன கரிசல் ஒரு சாண் கீழே இருந்தது.

மறுநாள் காலை எல்லாரும் ஆஸ்பத்திரியில் இருந்தபோது, நான் ஒரு சட்டி சிமெண்ட் கலந்து அந்த ஓட்டையை மூடினேன்.

பார்க்கவில்லை

மூன்றாம் நாள் கொளஞ்சிக்கு நன்றாக நினைவு திரும்பியது. கால்களை அசைக்கச் சொன்னார்கள். அசைத்துவிட்டதாக நினைத்துக்கொண்டு எங்களைப் பார்த்தார். நாங்கள் அவர் கால்களைப் பார்த்தோம்.

அன்று சாயங்காலம் கேட்டார்.

"மச்சான், லாக் கம்பி போட்டிருந்தேன்ல?"

பூங்கொடி கட்டிலின் மறுபக்கம் நின்றுகொண்டிருந்தாள். 'போட்டிருந்தீங்க மாப்ள' என்றால், 'அப்புறம் எப்படி விழுந்தது' என்று அடுத்த கேள்வி வரும்.

"நான் பாக்கல மாப்ள."

அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். அதற்குப் பிறகு கேட்கவே இல்லை.

அந்த மூன்று சொல்லிலிருந்து எல்லாம் முளைத்தது. ஒரு ஸ்டாண்டில் கம்பி போடாமல் விட்டுவிட்டார் என்று முதலில் உறவுக்காரர்கள் பேசினார்கள், பிறகு தெருவே பேசியது. கடைசியில் அவரே சொல்ல ஆரம்பித்தார். பார்க்க வருகிறவர்களிடம், "என் கவனக்கொறவுதாங்க. வெளிநாட்டுல அத்தன வண்டி தூக்குனேன், சொந்த வண்டிக்குக் கம்பி சொருவ மறந்துட்டேன்" என்பார். கார் திருச்சிக்குப் பழைய இரும்பாகப் போனது.

ஆறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. பூங்கொடி ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கிறாள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவரைப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும், இல்லாவிட்டால் முதுகில் புண் வரும். கடையிலிருந்து அதற்காக ஓடிவருவாள். நல்லவள்தான். ஆனால் உடம்பு ஓய்ந்த நாட்களில், புரட்டும்போது பல்லைக் கடித்துக்கொண்டு சொல்வாள். "சுண்டுவெரல் கனம். ஒரு கம்பி. அத சொருவத் துப்பில்ல." அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு, "ஆமா புள்ள" என்பார்.

நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து இதைக் கேட்டிருக்கிறேன். காப்பி குடித்துக்கொண்டு கேட்டிருக்கிறேன்.

படித்துக் காட்டினேன்

இந்தத் தொடர் வரிசையாக நடந்து அந்த வருஷத்துக்கு வந்துவிட்டது. தாண்டிப் போய்விடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அடுத்த வருஷத்து அத்தியாயத்தை எழுதியும் பார்த்தேன். எதை எழுதினாலும் அந்த வீடு வந்தது. அவர் கட்டிலில் இருந்தார்.

கொளஞ்சி இந்தப் பத்திரிகையை வாராவாரம் படிக்கிறவர். அச்சில் வந்து அவர் தெரிந்துகொள்வது முறையில்லை. மேலே உள்ளதையெல்லாம் எழுதி எடுத்துக்கொண்டு போன ஞாயிற்றுக்கிழமை காலை போனேன். பூங்கொடி கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"வாங்க மச்சான். இந்த வாரம் என் கததானாமே? கார நல்லாச் செவப்பா எழுதுங்க. அது மங்கிப் போச்சுன்னு எழுதிடாதீங்க" என்றார் கொளஞ்சி.

படித்தேன். தூக்கும் முறை வந்தபோது ஓரிடத்தில் திருத்தினார். எலி என்று சொன்ன இடத்தில் பூங்கொடி லேசாகச் சிரித்தாள். கொத்தனார் வந்தபோது சிரிப்பு நின்றது. அந்தக் காலையைப் படிக்கும்போது அவள் அரிவாள்மனையிலிருந்து கையை எடுத்துவிட்டாள். கம்பி துளைக்குள் இருந்தது என்ற வரியைப் படித்துவிட்டு நிறுத்தினேன்.

மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது.

"நாலுலயுமா?" என்று கொளஞ்சி கேட்டார்.

"நாலுலயும் மாப்ள."

"நீங்க பாத்தீங்க."

"பாத்தேன்."

பூங்கொடி என்னைப் பார்க்கவில்லை. அவரைத்தான் பார்த்தாள்.

"மொத நாளு மயக்கத்துலயே போட்டேன் போட்டேன்னு சொன்னீங்களே. நான் காதால கேட்டேனே. அப்புறம் ஏங்க சொல்லாம வுட்டீங்க? நான் அவ்ளோ பேசறப்பகூட ஏன் ஒரு வார்த்த சொல்லல?"

அவர் யோசித்தார். உண்மையிலேயே ஞாபகப்படுத்திப் பார்க்கிற முகம்.

"போட்டதா எனக்கு நல்லா நெனப்பு இருந்துச்சு புள்ள. ஆனா மச்சான் பாக்கலன்னாரு. அவரு எதையும் பாக்காம வுடற ஆளு இல்லியே. அவரு கண்ணுக்குப் படலன்னா, அப்ப நாந்தான் போடலன்னு முடிவு பண்ணிக்கிட்டேன்."

பூங்கொடி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள்கள் மட்டும் ஆடின.

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். கொளஞ்சி கையை லேசாக உயர்த்தி நிறுத்தினார்.

"மீதிய பத்திரிகையில வந்ததும் படிச்சுக்கறேன். அனுப்பிடுங்க. எதையும் மாத்தாதீங்க."

"மாப்ள…"

"பூங்கொடி, என்னைய அந்தப் பக்கம் திருப்பி வுடு."

புரட்டும் நேரம் அப்போது ஆகியிருக்கவில்லை. அவள் எழுந்து, முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டு, ஒரு கையை அவர் முதுகுக்கு அடியிலும் ஒரு கையை இடுப்புக்கு அடியிலும் கொடுத்தாள். மிக மெதுவாக, அவரைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பிப் படுக்கவைத்தாள். தலையணையைச் சரிசெய்தாள். பிறகு அவளும் கட்டிலின் அந்த ஓரத்துக்குப் போய், எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள்.